கடைச்சல் பட்டறைக்குப் போனது

1956 மார்ச் 5, திங்கள்

காலையில் தூறல், பிறகு நல்ல வெயில். எஸ்.எஸ்.சி. பரீட்சை முடிவு வந்தது. தேறிவிட்டேன். கணக்கில் திறமைச் சித்தி. எங்கள் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் வாப்பாவின் செலவில் தேத்தண்ணீர். "எண்ட மகன் இனி வாத்தியார்!" உம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டா. எனக்குத் திக்குவாய். வீட்டில் யாரும் அந்தச் சொல்லை எடுப்பதில்லை.

சட்டைக்குப் பொத்தான் தைக்க வேண்டும்.

மார்ச் 7, புதன்

சவளக்கடை வயலில் நெற்கதிரைப் பரப்பிச் சூடு மிதிக்கும்போது மாமாவின் டிராக்டரில் ஓர் இரும்பு ஆணி முறிந்தது. புதிது கடைந்து வர என்னை அனுப்பினார். மெயின் றோட்டுக் கடைச்சல் பட்டறை. நடத்துகிறவர் காரைதீவுச் சின்னத்தம்பி, எல்லோருக்கும் பாஸ். லேத் மெஷின் சுற்ற, இரும்பு சுருள் சுருளாக உரிந்து விழுந்தது. காது அடைக்கும் சத்தம். உள்ளே எல்லாம் கைச்சாடைதான். ஆணி முடிந்தும் போக மனமில்லை.

வேலை பழக வரலாமா என்று கேட்டேன். அதைச் சொல்லி முடிக்க நீண்ட நேரம் எடுத்தது. அவர் மெஷினை நிறுத்திவிட்டு, நான் முடிக்கும் வரை நின்றார்.

"படிச்ச பிள்ளை. வாப்பாவுக்கிட்ட கேட்டியா தம்பி?"

மார்ச் 9, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து பட்டறை விஷயத்தைச் சொன்னேன். வாப்பா சோற்றை அப்படியே வைத்துவிட்டார். "எஸ்.எஸ்.சி. படிச்சது கிறீஸ் பூசவா? ஊர் என்ன கதைக்கும்?"

ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இடம் காலியாம். திங்கள் நான் பாடம் நடத்திக் காட்டுவேன் என்று வாப்பா ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறார். உம்மா: "ஒருக்காப் போய்ப் பாருங்க மகன்."

மார்ச் 12, திங்கள்

மூன்றாம் வகுப்பு. பின்வரிசை வாங்கில் உட்கார்ந்து தலைமை ஆசிரியர். ஜன்னலுக்கு வெளியே வாப்பா. பாடம், மழை. 'ம'விலேயே நின்றுவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு முன்னால் இருந்த ஒரு சின்னப் பிள்ளை "மழை!" என்று முடித்து வைத்தாள். அதோடு எல்லாருக்கும் அது விளையாட்டு. நான் தொடங்க, அவர்கள் முடிக்க. கேலி இல்லை, உண்மையாகவே உதவினார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

திரும்பிப் பார்த்தேன். ஜன்னலில் வாப்பா இல்லை.

மார்ச் 13, செவ்வாய்

புழுக்கம். பகல் முழுக்க வாப்பா கடையிலேயே இருந்தார். மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"அந்தப் பட்டறையில கதைக்கத் தேவையில்லையா மகன்?"

"அ... அவ்வளவு தேவையில்ல."

"அதுக்காகவா போறாய்?"

யோசித்தேன். "அதுக்கும்தான் வாப்பா. அந்த வேலை புடிச்சும் இருக்கு."

"ஓம்" என்றார். எழுந்து போகும்போது, "பழஞ்சட்டையப் போட்டுக்கிட்டுப் போ."

மார்ச் 29, வியாழன்

நகத்துக்குள் கறுப்பு. பெருவிரலில் வெட்டு, ஆழமில்லை. இவ்வளவு நாளும் கூட்டுவது, எண்ணெய் விடுவது, அரத்தால் ராவுவது.

இன்று பாஸ் சாப்பிடப் போன நேரம் நெல் ஆலைக்காரர் ஒருவர் வந்தார். தேய்ந்த வளையம் ஒன்றை நீட்டி, எப்போது கிடைக்கும் என்று கேட்டார். என் கைச்சாடை அவருக்குப் புரியவில்லை. மெஷினை நிறுத்தினேன். பட்டறையே அமைதி. 'நா'வில் சிக்கி, வியர்த்து, கடைசியில் "நாளைக்கு" வந்தது. அவர் அவசரப்படவில்லை. "சரி தம்பி, நாளைக்கு வாறன்."

பாஸ் வந்ததும் சொன்னேன். வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாளைக்கெண்டு சொன்னது நீ. நீயே கடைஞ்சு குடு. நான் பக்கத்தில நிக்கிறன்."

விடியச் சுபஹ் தொழுததும் பட்டறைக்குப் போக வேண்டும்.