ஜெபமாலையின் மறுபாதி

ஜூலை, புதன்கிழமை

முட்டத்துக் கடற்காற்றில் தொண்டை கட்டிவிட்டது. என்றாலும் கோயில் மணி அடித்ததும் ஜெபமாலையோடு உட்கார்ந்தேன்.

முன்பெல்லாம் 'அருள் நிறைந்த மரியே' மந்திரத்தின் முதல்பாதியை நான் சொல்வேன், மறுபாதியை என் வீட்டுக்காரர் சொல்வார். ஒன்பது நாள் நவநாள் வைத்து ஜெபித்தும் அவருடைய தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து பிணமாகத்தான் வந்தான். அன்றோடு அவர் நிறுத்திவிட்டார். ஜெப நேரத்தில் முற்றத்தில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைப்பார். இரண்டு பாதியையும் நானே சொல்லிவருகிறேன். எனக்கும் மாதாவிடம் வருத்தம் உண்டு. ஆனாலும் விட மனம் வரவில்லை.

இன்று மாலையின் மூன்றாம் பத்து மணிகளில், முதல்பாதி முடிந்ததும் குரல் எழும்பவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்தேன். அப்போது முற்றத்திலிருந்து மறுபாதி வந்தது. அவர் தலை நிமிரவில்லை, வலையைப் பார்த்தே சொன்னார். நான் தண்ணீரை மறந்து உட்கார்ந்து, அடுத்ததைக் கிசுகிசுப்பாகத் தொடங்கினேன். மாலையின் கடைசி மணி வரை அப்படியே போனது.

முடிந்ததும், "ஏட்டி, கொஞ்சம் சுக்கு தட்டிப் போட்டுக் குடி. ஒனக்குச் சத்தமே வரல்லியே" என்றார். நான் எழுந்துபோய்ச் சுக்கு தட்டினேன்.

சுக்குக் காப்பி பக்கத்தில் ஆறிக்கொண்டிருக்கிறது. குடித்தால் நாளைக்குத் தொண்டை சரியாகிவிடும். குடிக்கவா வேண்டாமா என்று யோசிக்கிறேன்.