மணிச்சத்தத்தின் நிறம்

மத்சுமோதோ,
ஜூன் 19

அன்பு மகள் மிச்சிருவுக்கு அம்மா எழுதுவது. பிரேசிலில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்கிறாயா? இங்கே நான் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. மழை பிடித்துக்கொண்டது, துவைத்த துணி மூன்று நாளாய்க் காயவில்லை, உன் சித்தப்பா கோஹெய் முட்டிவலியோடு தினமும் வந்து நான் சாப்பிட்டேனா என்று பானையைத் திறந்து பார்த்துவிட்டுப் போகிறார்.

அப்பாவின் நாற்பத்தொன்பதாம் நாள் பூசையன்று தொலைபேசியில் மணிச்சத்தம் கேட்டதும், "அம்மா, இந்தச் சத்தம் வெள்ளையா இருக்கு. நம்ம வீட்டு மணி எங்க?" என்று சொல்லிவிட்டு வைத்தாயே, இரண்டு மாதமாய் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முன்னோரைக் கும்பிடும் நம் பழைய சாமி மாடம் இந்தச் சின்ன வீட்டுக்குப் பெரிது என்றார் கோஹெய். துறவி வந்து மந்திரம் ஓதி அதிலிருந்த முன்னோரிடம் விடைபெற்றார், மாடம் விற்கும் கடைக்காரர் சின்னதாய்ப் புது மாடம் ஒன்றை வைத்துவிட்டுப் பழையதை எடுத்துப்போனார். மணியையும் அதோடு நானேதான் கொடுத்தேன். புது மாடத்தில் புது மணி பளபளவென்று இருக்கட்டும், எந்த மணியாயிருந்தால் என்ன என்று நினைத்தேன்.

நினைத்திருக்கக் கூடாது. அப்பா போவதற்கு ஒரு வாரம் முன்பு மருத்துவமனையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கினு, நம்ம மணிச்சத்தம் பழுத்த பெர்சிமன் பழத்தோட செம்மஞ்ச நிறம்டி. புள்ள சொன்னது நெசம். எனக்கும் அப்படித்தான் தெரியும். என்னையும் கிறுக்கன்னுடுவாங்கன்னு அன்னிக்கு வாய மூடிக்கிட்டேன்" என்று அழுதார். மருந்து மயக்கத்தில் உளறுகிறார் என்று போர்வையை இழுத்துவிட்டேன். நீ வெள்ளை என்றபோதுதான் உறைத்தது. மறுநாளே கடைக்கு ஓடினேன். உருக்கப் போட்டாயிற்று என்று கடைக்காரர் குனிந்து மன்னிப்புக் கேட்டார்.

அப்பா சொன்ன அந்த நாளில் உனக்கு ஏழு வயது. தாத்தாவின் நினைவு நாள், உறவெல்லாம் கறுப்புடுத்தி மண்டியிட்டிருந்தது. துறவி மணியைத் தட்டியதும் நீ கத்தினாய், "அம்மா, மணிச்சத்தம் பெர்சிமன் நிறம்! ஒன் கொரலு..." அதற்குள் அறைந்துவிட்டேன். நாலு பேர் முன்னால் மானம் போயிற்றே என்ற ஆத்திரம். அப்பா பாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு நீ எங்களிடம் எந்த நிறத்தையும் சொல்லவில்லை. பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள், நம் வீட்டில் கல் நான்தான்.

காலையில் முதல் சோற்றை ஆவி பறக்க அப்பாவுக்கு வைத்து, புது மணியைத் தட்டிக் கண்ணை மூடிப் பார்க்கிறேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை மகளே. இறந்தவர்கள் வீட்டுக்கு வரும் ஆகஸ்டு நாட்களில் அப்பாவுக்கு இது முதல் வருகை. நீயும் வா. கடையில் ஒவ்வொரு மணியாய்த் தட்டி அவருக்கு எது வேண்டும் என்று நீதான் சொல்ல வேண்டும்.

அங்கே இப்போது குளிராமே, கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ. நீ நூறு வயது நன்றாயிருக்க வேண்டும். வர முடியாவிட்டாலும் ஒன்றை மட்டும் மறக்காமல் எழுது. அன்று நான் சொல்லவிடாததை. என் குரல் என்ன நிறம்? அழுக்கு நிறமாயிருந்தாலும் சொல். இந்த முறை முழுக்கக் கேட்கிறேன்.

உன் அம்மா,
கினுயோ