அம்மா, என் பி.பி. இறங்கியாக வேண்டும்

என் ஆசை அம்மாவுக்கு, கோபித்துக்கொள்ளாமல் படி.

எப்படி இருக்கிறாய் என்று உன்னைக் கேட்க முடியாது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் செல்லப்பிள்ளை சேகருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. நீ கண்ணை மூடிய மறு வருஷமே கால் வீங்க ஆரம்பித்தது. நாள் முழுக்க வேன் ஓட்டுகிறவனுக்குக் கால் வீங்காதா என்று எல்லோரும் விட்டுவிட்டோம். இப்போது வாரத்துக்கு மூன்று தடவை டயாலிஸிஸ். தண்ணீரும் அளந்துதான் குடிக்கவேண்டும். வீடு கடக்வாஸ்லா அணைக்குப் பக்கத்தில். பூனாவுக்கே தண்ணீர் கொடுக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, இவன் தாகம் எடுத்தால் ஒரு ஐஸ் துண்டை வாயில் போட்டு அடக்கிக்கொள்கிறான்.

நான் ஒரு கிட்னி கொடுக்கப்போகிறேன். அவன் பெண்டாட்டி லதாவுக்குச் சர்க்கரை இருப்பதால் அவளால் முடியாது. எனக்கு ரத்தம், அது, இது என்று எல்லாமே பொருந்திவிட்டது. ஒன்றுதான் இடிக்கிறது. காலையில் என் பி.பி. ஏறிப் போய் நிற்கிறது.

டாக்டர் நல்ல மனுஷன், ஆனால் கொஞ்சமும் வளைந்துகொடுக்க மாட்டார். ஒரு நோயாளியைக் காப்பாற்ற இன்னொரு நோயாளியை உண்டாக்க முடியாது என்று இந்தியில் சொன்னார். காலையில் பதறாமல் எழுந்திருங்கள், மனதை அமைதியாக வைத்துக்கொள்ள ஏதாவது ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள், தினமும் ஒரே நேரத்தில் வீட்டிலேயே அளந்து பாருங்கள், இறங்கினால் ஆபரேஷன், இல்லையென்றால் வேறு ஆளைத் தேடுங்கள் என்றார். வேறு ஆளுக்கு நான் எங்கே போவேன்? நீ பெற்றதே எங்கள் இரண்டு பேரைத்தானே?

அமைதியான காலையாம். அதுவும் உன் மகளுக்கு. சிரிக்காதே அம்மா, எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இதில் இன்னொரு கூத்து. நான் யோகா செய்கிறேன் என்று யாரோ கிளப்பிவிட்டு, இங்கே தமிழ்ச் சங்க மலருக்கு 'மன அமைதி தரும் காலைப் பழக்கங்கள்' என்று மகளிர் பக்கத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நான் என்னத்தை எழுதுவது? உனக்கு எழுதுகிறேன். போட்டால் போடட்டும்.

நீ எங்களை எழுப்பிய காலைகளைக் கொஞ்சம் நினைத்துப் பார். கட்கி குவார்ட்டர்ஸில் நமக்குக் கடிகாரம் எதற்கு இருந்தது? ஃபாக்டரி சங்குதான் நேரம். போங்கா என்று மராத்தியில் சொல்வதையே நாமும் சொல்வோம். முதல் போங்காவுக்கு அப்பா குளித்து முடித்திருக்க வேண்டும், இரண்டாவதற்கு சைக்கிள் கேட்டுக்குள் நுழைந்திருக்க வேண்டும். நடுவில் நீ. அடுப்பில் ஒன்று, குழாயடியில் ஒன்று, எங்கள் முதுகில் ஒன்று. "அடியே, போங்கா அடிக்கப் போவுது, இன்னும் இன்னாடி தூக்கம்?" என்று நீ போட்ட சத்தத்தில் அடுத்த லைன் பிள்ளைகளும் எழுந்துவிடும். அப்பா ரிட்டையர் ஆன பிறகும் இரண்டாவது போங்காவுக்குள் டப்பா கட்டி வைத்தாய். அவரும் மத்தியானம் வீட்டிலேயே உட்கார்ந்து அந்த டப்பாவைத் திறந்து சாப்பிட்டார். நீ ஒரு நாளாவது காலையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எனக்கு மட்டும் எங்கிருந்து வரும்?

இரு, குக்கர் கூப்பிடுகிறது.

வந்துவிட்டேன். முதலில் உன் பேத்தி திவ்யா தன் போனைக் கொடுத்தாள். "மா, நீ டென்ஷன் எடுக்காத. இதுல சொல்ற மாதிரி ஆராம்ஸே, மெதுவா மூச்சு விடு, அவ்ளோதான்." அதில் புல்லாங்குழல் ஊதுகிறது. ஒரு ஆள் குழைந்து குழைந்து இங்கிலீஷில், நீங்கள் கடற்கரையில் நடந்துகொண்டிருக்கிறீர்கள் என்கிறான். நாம் மகாபலிபுரம் போனது ஒரே ஒரு தடவை. அங்கே சேகர் புதுச் செருப்பை அலையில் விட்டுவிட, நீ அத்தனை ஜனத்துக்கு நடுவில் அவனை அறைந்தாய். அந்த ஆள் கடற்கரை என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தச் செருப்புதான் வருகிறது.

அடுத்தது கீழ்வீட்டில் இருக்கிற, காக்கு, அதாவது சித்தி என்று நாங்கள் கூப்பிடுகிற அம்மாள். மராத்திக்காரம்மா, தங்கமான மனுஷி. மொட்டை மாடியில் பாய் விரித்துப் பிராணாயாமம் சொல்லிக்கொடுத்தார். "மூச்சை இழு, அப்படியே நிறுத்து" என்பார். நிறுத்துவேன். அந்த நேரம் பார்த்துக் கீழே தண்ணீர் டேங்கர் வரும். "அரே, மோட்டர் யாரு போடறது?" என்று மாடிச் சுவரில் எட்டிப் பார்த்துக் கத்த ஆரம்பித்துவிடுவார். விடு என்று சொல்ல ஆளில்லாமல் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

காலை டீயை விட்டுப் பார்த்தேன். தலைவலி வந்தது, பி.பி. இறங்கவில்லை. தளேகாவ் கம்பெனிக்கு விடியுமுன்னே கிளம்புகிற உன் மருமகனுக்கு ராத்திரியே சப்பாத்தி சுட்டு வைத்தேன். காலையில் வேலையில்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தது அதைவிடப் பெரிய தண்டனை. கையில் பி.பி. மிஷினின் பட்டையைச் சுற்றி அது இறுக இறுக, இறங்கு, இறங்கு என்று மனதுக்குள் அதட்டுகிறேன். அதட்டினால் இறங்குமா? கடைசியில் அந்த மிஷினோடு சண்டை போட்டேன். பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். திவ்யா கையில் சுற்றி அளந்து பார்த்தேன். அவளுக்குச் சரியாகக் காட்டியது.

அளந்து முடிப்பதற்குள் சேகர் போன் பண்ணிவிடுவான். "இன்னாக்கா, எவ்ளோ?"

சொல்வேன். ஒரு நாள், "வுடுக்கா. நீ சும்மா கஷ்டப்படற. நான் இப்பிடியே ஓட்டிக்கிறேன்" என்றான்.

"நீ யார்றா வேணாம்னு சொல்றதுக்கு? உன்னைக் கேட்டா நான் குடுக்கறேன்?" என்று கத்திவிட்டு போனை வைத்துவிட்டேன். இப்படிப்பட்டவளுக்கு பி.பி. எப்படி இறங்கும், நீயே சொல்.

அப்புறம்தான் திவ்யா ஒன்றைக் கண்டுபிடித்தாள். ஒரு நாள் நான் பட்டையைக் கட்டிக்கொண்டு, பொத்தான் மேல் கட்டைவிரலை வைத்துக் காத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "மா, எதுக்கு வெயிட் பண்ற?" என்று கேட்டாள்.

"போங்கா அடிக்கட்டும்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! டாக்டர் தினமும் ஒரே நேரத்தில் அளக்கச் சொன்னார். இன்னமும் கட்கியிலேயே இருக்கிற எனக்கு ஒரே நேரம் என்றால் போங்காதானே? சுவரில் கடிகாரம், கையில் போன், எல்லாம் இருக்கிறது. ஆனாலும் நான் தினமும் அது ஊதுவதற்காகக் காத்திருந்து, ஊதியதும் பொத்தானை அமுக்கியிருக்கிறேன். அந்தச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் அப்பா டப்பா ரெடியா, ஜடை பின்னியாச்சா, அடி விழப்போகிறதா என்று உடம்பு தானாகத் தயாராகிவிடுகிறது. அதை வாய்விட்டுச் சொன்னதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

டாக்டரும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். கொஞ்ச நாள் அந்தச் சத்தம் கேட்காத இடத்தில் தூங்கி எழுந்து பாருங்கள் என்றார். நான் வேலை செய்கிற ஆகுர்டி கம்பெனி ஸ்டோரில் கெஞ்சி லீவு வாங்கிக்கொண்டு சேகர் வீட்டுக்குப் போனேன்.

முதல் நாள் காலை. போங்கா இல்லை, டேங்கர் இல்லை. அணைப் பக்கத்திலிருந்து சிலுசிலு என்று காற்று. இன்றைக்கு இறங்கிவிடும் பார் என்று தெம்பாக உட்கார்ந்து அளந்தேன். அதே அளவு. சொல்லப்போனால் ஒரு பிடி கூடத்தான். பட்டையை உருவித் தரையில் எறிந்தேன். அப்படியானால் போங்கா மேல் பழிபோட்டது வீண். என்னிடம்தான் ஏதோ இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

சேகர் டீ கொண்டுவந்தான். எனக்கு முழு டம்ளர், அவனுக்கு அடியில் ஒரு வாய். ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன கையோடு, எறிந்த பட்டையை எடுத்து மடித்து வைத்தான்.

"இன்னாக்கா, பயமா கீது போல?"

"எனக்கு இன்னாடா பயம்?"

அவன் உன்னைப் போலவே, பதில் வரும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு எங்கிருந்து வந்ததோ, கொட்டிவிட்டேன். "ஆமாண்டா, பயமாத்தான் கீது. படுத்தா எழுந்துக்காம பூடுவேன்னு தோணுது. எழுந்தாலும் முன்ன மாதிரி மூட்டை தூக்க முடியுமா, ஸ்டோர்ல வச்சிக்குவாங்களா, திவ்யாவ யார் பாத்துக்குவாங்க, எல்லாம் பயமா கீது. இத யார்கிட்ட சொல்றது? சொன்னா குடுக்க மனசில்லன்னு நெனைப்பீங்க."

"நான் அப்பிடி நெனைப்பனா? எனக்கு மட்டும் பயம் இல்லியா?" என்றான். "உன்னோடத அறுத்து எடுத்து எனக்கு வெச்சி, அது வேலை செய்யாம பூட்டா? அப்புறம் உன் மூஞ்சில நான் எப்பிடிக்கா முழிக்கிறது? அதுக்குத்தான் வேணாம்னேன்."

இத்தனை மாதமாக இரண்டு பேரும் போனில் அளவை மட்டும் பேசியிருக்கிறோம், அம்மா. அவன் தன் பயத்தை மறைக்க வேணாம் என்றான், நான் என் பயத்தை மறைக்கக் கத்தினேன். உன் வீட்டில் பயத்தைச் சொல்வதற்கு யாருக்கு நேரம் இருந்தது? நீயும்கூடப் பயந்துகொண்டுதான் அத்தனை சத்தம் போட்டாயா? அப்பாவுக்கு அரை நாள் சம்பளம் போய்விடுமோ, வேலை போய்விடுமோ என்றா? இப்போதுதான் கேட்கத் தோன்றுகிறது.

"உனக்கு இஷ்டமில்லன்னா இப்பவே சொல்லிடுக்கா" என்றான்.

"குடுப்பேண்டா. பயந்துக்கினே குடுப்பேன்" என்றேன். டீ ஆறிப்போயிருந்தது. அப்படியே குடித்தேன்.

அதிலிருந்து எங்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. வேலைக்குத் திரும்பி கட்கிக்கு வந்த பிறகும் விடவில்லை. காலையில் எழுந்து பல் தேய்த்ததும் போன். எவ்ளோ என்று கேட்கக் கூடாது. அன்றைக்கு என்ன பயம் என்று அவன் ஒன்று சொல்லவேண்டும், நான் ஒன்று சொல்லவேண்டும். ஆறுதல் சொல்லக் கூடாது, அறிவுரையும் கூடாது. சொல்லிவிட்டுப் போனை வைக்காமல் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சும்மா இருப்போம். அவன் வீட்டுக் காக்காய் கத்துவது எனக்குக் கேட்கும். அதற்குப் பிறகுதான் பட்டை. போங்கா ஊதினால் ஊதிவிட்டுப் போகட்டும். போன வாரம் அந்தப் பயல் என்ன சொன்னான் தெரியுமா? "உன் கிட்னி வந்தா நானும் உன்ன மாதிரியே லதாவப் பாத்துக் கத்துவனோன்னு பயமா கீதுக்கா." எனக்கு வந்த சிரிப்பில் அன்றைக்கு அளக்கவே மறந்துவிட்டேன்.

உடனே எல்லாம் இறங்கிவிட்டது என்று நினைக்காதே. ஒரு நாள் இறங்கும், மறுநாள் ஏறும். எனக்கு இன்னமும் கை காலைச் சும்மா வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. இதை எழுதுவதற்குள்ளேயே எத்தனை முறை எழுந்து போய் வந்தேன் தெரியுமா? ஆனால் மெல்ல மெல்லக் கீழே வந்தது. டாக்டர் ஒரு நாள் முழுக்க மிஷினை என் கையிலேயே கட்டி அனுப்பினார். ஸ்டோரில் பேரிங் பெட்டிகளை எண்ணும்போதுகூட நடுநடுவே அது கையை இறுக்கிக்கொண்டிருந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டாக்டர் கம்ப்யூட்டரை வெகுநேரம் பார்த்தார். சேகர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். "சரி, செய்யலாம்" என்றார்.

அடுத்த வாரம் ஆபரேஷன், அம்மா. இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துத் தியேட்டர்.

இன்று காலை என் முறை வந்தபோது சேகரிடம் ஒரு பயத்தைச் சொல்லாமல் மறைத்துவிட்டேன். அது உன்னைப் பற்றியது, அதனால் உன்னிடமே சொல்கிறேன். மயக்கத்தில் கிடக்கும்போது நீ வந்து, எழுந்திருடி, நேரமாச்சு என்று கூப்பிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. நீ கூப்பிட்டு நான் எழுந்து வராமல் இருந்ததில்லை. இந்த ஒரு தடவை வரமாட்டேன். எவ்வளவு சத்தம் போட்டாலும் சரி, என்ன கோபித்துக்கொண்டாலும் சரி, திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். அவனையும் உன்னிடம் விடமாட்டேன். இது சத்தியம். இரண்டு பேருக்கும் நீ கொடுத்த நாலு கிட்னியில் ஆளுக்கு ஒன்றாக இரண்டு எங்களிடம் மிச்சம் இருக்கும். அதை வைத்துக்கொண்டு நாங்கள் இங்கேயே ரொம்ப வருஷம் இருக்கப்போகிறோம். நீ பொறுத்துக்கொள்.

அவனுக்கு முன்னால் உன் வயிற்றில் இருந்தவள்,
மல்லிகா