உன் கண்ணில் பிழையில்லை, மச்சான்

டோஸ்ட்ருப், 1986

பாசத்தையும் எரிச்சலையும் ஒன்றாகவே கிளப்பும் என் மச்சான் தேவனுக்கு,

உன் வேட்டைத் துவக்கில் என்ன கோளாறு என்று கண்டுபிடித்துவிட்டேன். கேட்க நீ இல்லை என்பதுதான் என் முதல் கோபம்.

நூறு மீற்றரில் ஒரு தேநீர்க் கோப்பையின் வாய்க்குள் மூன்று சூட்டையும் வைத்தவன் நீ. அந்த ஐப்பசியில் திடீரென்று ஒரு தோட்டா இடப்பக்கம், அடுத்தது இன்னும் மேலே. உன் வேட்டைக் கழகத்து மேதாவிகள் கூடி ஆராய்ந்தார்கள். ஒருவன் தோட்டாவை மாற்றச் சொன்னான், மாற்றினாய். இன்னொருவன் தொலைநோக்கியை மாற்றச் சொன்னான், அதையும் மாற்றினாய். நீ சுட்ட மான் காயத்தோடு ஓடியதும் தலைவர் யென்ஸ் தீர்ப்பு வழங்கினார்: உனக்குக் கண் போய்விட்டதாம். பிறகு, மற்றவர்கள் சுடுவதற்கு மான் கலைத்துக் கொடுக்க உன்னை வெறுங்கையோடு கூப்பிட்டார்கள். நீயும் போனாய்! பக்கத்து ஊர் அல்பர்ட்ஸ்லுண்டில் கண்ணாடி வேறு செய்து போட்டாய். இதயம் நின்ற அன்றும் அது உன் மூக்கில் இருந்தது. வெட்கமாக இல்லையா உனக்கு?

அனுபவம் பேசும் அந்தக் கூட்டத்தில் ஒருவனுக்காவது ஒரு துண்டுக் கடதாசி கிடைக்கவில்லையா? துவக்கின் குழலுக்கும் அதைத் தாங்கும் மரத்துக்கும் இடையில் செருகினால் அது தடையில்லாமல் ஓட வேண்டும். சூடேறிய குழல் எதிலாவது முட்டினால் தோட்டா விலகும். துவக்கு என் பெயருக்கு மாறி வந்ததும் நான் முதலில் பார்த்தது அதைத்தான். கடதாசி பாதியில் நின்றது. அடியிலிருந்த திருகாணிகளைக் கழற்றி மரத்தைப் பிரித்தேன். உள்ளே, காய்ந்து இறுகிப்போன சந்தனம்!

ஆயுத பூசைக்குக் கார் ஸ்டியரிங்குக்கு ஒரு பொட்டு வைத்தவன், துவக்கை மட்டும் சந்தனத்தில் குளிப்பாட்டியிருக்கிறாய். வெளியே துடைத்தாய், உள்ளே வழிந்ததை யார் துடைப்பது? உன் பக்தியைச் சொல்லவா, மூளையைச் சொல்லவா?

சாந்தியிடம் காட்டினேன். என் தங்கச்சி அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அண்ணை, அவர் கடைசிவரைக்கும் தன்ர கண்ணிலதான் பிழை எண்டு நம்பினவர். கண்ணாடி போட்டும் சரிவரேல்லை எண்டு ஒருநாள் அழுதவர்."

அழுதாயா? இதை ஏனடா என்னிடம் சொல்லவில்லை?

இப்போது ஊர்ச் சண்டைக்குத் தப்பி, இந்தக் குளிர் தேசத்தில் நம்முடைய இளம்பிள்ளைகள் ஒவ்வொரு வாரமும் வந்து இறங்குகிறார்கள். கண் தெரியாமல் மானைச் சுட்ட ஆள் என்றா அவர்கள் உன்னைக் கேள்விப்பட வேண்டும்?

சந்தனத்தைச் சுரண்டியெடுத்து மரத்தைத் திரும்பப் பூட்டி, சனிக்கிழமை கழகத்தின் சுடுதளத்தில் எல்லோர் முன்னாலும் சுட்டேன். மூன்று சூடும் பழையபடி கோப்பை வாய்க்குள். யென்ஸ் காரணம் கேட்டார். சொன்னால் சிரிப்பார்கள், சொல்லாவிட்டால் பழி உன் கண்ணோடு நின்றுவிடும். சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தார்கள். பிறகு யென்ஸ் என் தோளில் தட்டினார்.

"அவனுடைய இடம் காலியாகத்தான் இருக்கிறது. நீ சேர்ந்துகொள்."

உன்னைப் பற்றி அவ்வளவுதான்.

"முதலில் என் தங்கை வீட்டுக்கு வாருங்கள்" என்றேன். "அவள் புருஷனின் கண் நன்றாகத்தான் இருந்தது, பிழையாகச் சொன்னது நாங்கள் என்று அவளிடம் சொல்லுங்கள். பிறகு யோசிக்கிறேன்."

சிரிப்பு நின்றது. ஆனால் இன்னும் ஒருவரும் வரவில்லை. மானைக் காயப்படுத்தினால் நாயோடு விடியவிடியத் தேடும் வீரர்கள், ஒரு பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லப் பயப்படுகிறார்கள்.

கழகம் வேட்டையாடும் அந்தக் காடு எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் வாக்குத் தருகிறேன், மச்சான். யென்ஸ் சாந்தியின் முன்னால் நின்று தன் வாயால் அதைச் சொல்லும்வரை நான் அங்கே கால் வைக்கமாட்டேன்.

உன் சாந்தியின் அண்ணன்,
ராசன் மச்சான்