உன் விருதுக்கு நான் கட்டிய கோப்பு

இன்று காலை கணபதி நிறுத்தத்தில் பேருந்துக்காக நின்றிருந்தேன். எதிரே ஒரு மோட்டார் வைண்டிங் கடை. தீய்ந்துபோன காயிலை உளியால் வெட்டி, குறடால் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார் ஒருவர். கருகிய வார்னிஷ் வாசம் சாலையைத் தாண்டி வந்து தொண்டையில் அறைந்தது. பேருந்து வந்தது. நின்றது. போனது. நான் ஏறவில்லை.

முதல் வகுப்பில் நீ ஒரு மோட்டாரைக் கொல்வாய்.

ஆண்டுதோறும். பாடத்திட்டத்தில் இல்லாத வகுப்பு அது. பாதுகாப்பு ரிலேவை முன்பே கழற்றி வைத்திருப்பாய். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூன்று ஃபேஸில் ஒன்றைத் துண்டிப்பாய். அது உறுமும். வேகம் குறையும். உறுமல் முனகலாகும். நாற்பது மாணவர்கள் சுற்றி நிற்பார்கள். நீ கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்திருப்பாய்.

"கெணத்து மோட்டார் எரிஞ்ச வாசம் உங்க எல்லாத்துக்கும் தெரியும். எரியறத யாராச்சும் பாத்திருக்கீங்களா? இன்னிக்குப் பாருங்க."

புகை எழும்பும். யாரும் அசையமாட்டார்கள். சார் சொல்லாமல் சுவிட்சைத் தொடலாமா? நீ சொல்லவும் மாட்டாய். மோட்டார் செத்து நின்ற பிறகு வாய் திறப்பாய்.

"நாப்பது பேர் இருந்தீங்க. சுவிட்ச் ரெண்டடி தூரத்துல இருந்துச்சு. கொன்னது நானு. சாக விட்டது நீங்க."

அவ்வளவுதான் முதல் வகுப்பு. அடுத்த நாளிலிருந்து அந்தப் பிணத்தைப் பிரிக்க வைப்பாய். எந்தச் சுற்று முதலில் தீய்ந்தது, ஏன் அது, ஏன் அடுத்தது இல்லை. விடையை நீ சொன்னதே இல்லை. ஆண்டு முடிவதற்குள் அவர்கள் கையாலேயே கம்பி சுற்றி அதே மோட்டார் மறுபடி ஓடும். எழுத்துத் தேர்வில் தோற்றவன்கூட ஒரு மோட்டாரை எழுப்பிவிட்டுத்தான் வெளியே போனான்.

நாம் இருவரும் ஒரே நாளில் பணியில் சேர்ந்தவர்கள். ஒரே அறை, ஒரே மெஸ். நான் குறிப்பு வாசிப்பேன், அவர்கள் எழுதுவார்கள், மணியடித்தால் போய்விடுவார்கள். உன் ஆய்வகத்திலிருந்து அவர்களை விரட்ட வேண்டியிருந்தது. எனக்குப் பொறாமை இருந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு பெருமையும் இருந்தது. இரண்டும் சேர்ந்துதான் அந்தக் கோப்பைக் கட்டின.

பல்கலைக்கழகம் சிறந்த ஆசிரியர் விருது அறிவித்திருந்தது. ஆசிரியர் தானே விண்ணப்பிக்கலாம், அல்லது உடன் பணிபுரிபவர் பரிந்துரைக்கலாம். மாணவர் கருத்துகளை அவர்கள் பெயர், கையெழுத்துடன் இணைக்க வேண்டும். மெஸ்ஸில் அரிசிம்பருப்புச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த உன்னிடம் சொன்னேன்.

"நீ போடலாம்ல?"

"அந்தியூர் சந்தையில மாட்டுப் பல்லப் புடிச்சுக் காட்டுவாங்க பாரு. அதாச்சும் பரவால்ல, தரகன் காட்டுவான். இங்க மாடே வாயத் தொறந்து காட்டோணுமாமா?"

பக்கத்து மேசை சிரித்தது. நீ சிரிக்கவில்லை. "நெய் ஊத்துங்க அண்ணா" என்றாய்.

உனக்குத் தெரியாமல் நான் தரகனானேன். பத்தொன்பது மாணவர்களிடம் கடிதம் வாங்கினேன். நல்ல கடிதங்கள். அவற்றில் ஒன்று சத்தியமங்கலத்துப் பையனுடையது. உன் ஐந்தாண்டு வகுப்புகளில், மோட்டார் சாவதற்குள் பாய்ந்து போய் சுவிட்சை அணைத்த ஒரே ஒருவன். "யாரும் சொல்லாமலே செய்ய வேண்டியதைச் செய்யும் துணிவை சார் எனக்குத் தந்தார்" என்று எழுதியிருந்தான். அந்த வரியின் கீழ் நான் சிவப்பு மையில் கோடிட்டேன்.

பரிந்துரையை நான் எழுதினேன். இரண்டு பக்கம். 'ஆண்டுதோறும் ஒரு மோட்டாரை மாணவர் கண்ணெதிரே எரித்து, செயலற்ற பார்வையாளர்களைப் பொறியாளர்களாக்குகிறார்.' அந்த வாக்கியத்தை நான்கு முறை திருத்தினேன். ஒன்றை எழுதவில்லை. அந்த மோட்டார்கள் பல்கலைக்கழகத்துடையவை அல்ல. கணபதியிலும் பீளமேட்டிலும் கடை கடையாக ஏறி, யாரும் திருப்பி வாங்க வராத பழைய மோட்டார்களை நீ உன் கைக்காசில் வாங்கினாய். சாக்கில் சுற்றி மொபெட்டில் கட்டிக்கொண்டு வந்தாய். ஒருமுறை பின்னால் உட்கார்ந்து என் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கிரீஸ் கறை அந்தப் பேண்ட்டில் கடைசி வரை போகவில்லை. எனக்குத் தெரியும். ஆனால் பழைய இரும்பு என்று எழுதினால் விருதுக்கு அழகில்லை என்று நினைத்தேன். என் நடைக்கு அழகில்லை என்பதுதான் உண்மை.

குழு கோப்பைப் படித்தது. பத்தொன்பது கடிதங்களிலும் ஒரே செய்தி. எரித்தார். எரித்தார். எரித்தார். ஆண்டுக்கு ஒன்று, ஐந்து மோட்டார் என்று கணக்குப் போட்டார்கள். எந்த அனுமதியில்? உன் பெயருக்கு விருது வரவில்லை. குற்றக் குறிப்பாணை வந்தது. கூடவே பணியிடை நீக்கம். சான்றாக இணைக்கப்பட்டிருந்தது நான் கட்டிய கோப்பு, நான் போட்ட அதே நாடாவோடு.

ஆய்வக உதவியாளர் ரங்கசாமி அண்ணனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். மோட்டாரை எரித்தாரா? எரித்தார். எழுதிக் கையெழுத்துப் போடு. போட்டார். "சொந்தக் காசுல வாங்குனாருன்னு ஏனுங்கண்ணா சொல்லல?" என்று பிறகு கேட்டேன்.

"கேட்டதுக்குச் சொல்லிப்போட்டனுங்க. பெரியவிய கேக்காதத நாம எப்படிங்க சொல்றது? மரியாதையா இருக்காதுங்களே."

அவர் பொய் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இருவரும் மரியாதையாக இருந்தோம்.

அன்று மாலை அறையில் குறிப்பாணையைப் படித்தாய். பிறகு என் இரண்டு பக்கத்தைப் படித்தாய். நின்றபடியே. படித்து முடித்து என்னை அறைந்தாய். உள்ளங்கை முழுதும் கன்னத்தில் விழுந்தது. காது இரைந்தது.

"ஏண்டா, நாயா அலைஞ்சு வாங்குனத எழுத உனக்குக் கூசுச்சா?"

என் இரண்டு பக்கத்தை மேசைமேல் வீசினாய்.

"உங்கப்பன் தோப்புல மோட்டார் எரிஞ்சா புதுசு வாங்குவாரு. அதே மாதிரி தோப்புல களை புடுங்குனவ எங்கம்மா. பழசுன்னா எனக்குக் கேவலமில்ல. உனக்குத்தான்." பிறகு தணிந்த குரலில்: "நாளைக்கே போயிச் சொல்லிரு. நீ சொன்னாக் கேப்பாங்க."

மறுநாள் துறைத் தலைவரிடம் போனேன். சொன்னேன். அவர் கனிவானவர்.

"அப்படீங்களா? எழுத்துல குடுத்துருங்க தம்பி. ஒரு பக்கம் போதும். ஆனா ஒண்ணு, உங்க வேலைய நெரந்தரமாக்குற கன்ஃபர்மேஷன் இந்த வாரம் மேசைக்கு வருது. பாத்துச் செய்ங்க."

அது மிரட்டலா, அக்கறையா, இன்றுவரை தெரியவில்லை. ஒரு பக்கம். இரண்டு பக்கத்தை ஒரே இரவில் எழுதியவன் நான். இந்த ஒரு பக்கத்தை மூன்று நாட்களாக எழுதவில்லை. ஒவ்வொரு நாளும் "குடுத்தியா?" என்று கேட்டாய். "டைப்புக்குப் போயிருக்குது" என்றேன்.

நான்காம் நாள் மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்தார்கள். துறையின் கண்ணாடிகளை உடைத்தார்கள். குறிப்பாணையின் நகல் அவர்கள் கைக்கு எப்படியோ வந்திருந்தது. அதில் சாட்சியாக ஒரே பெயர். ரங்கசாமி.

அவரை ஆய்வக வாசலில் வளைத்தார்கள். நான் மாடிப் படிக்கட்டில் இருந்தேன். எல்லாம் கேட்டது.

"ஏனுங்ணா, எங்க சார் மேல எழுதிக் குடுத்தீங்களாமா?"

"கேட்டாங்க தம்பி, சொன்னனுங்க."

"எவ்வளவு குடுத்தாங்கண்ணா?"

"அய்யோ, அதெல்லாம் இல்லீங்க கண்ணு."

முதல் அறை விழுந்தது. அவர் மூக்குக்கண்ணாடி பறந்து போய்ச் சுவரில் மோதியது. "உக்காருங்ணா" என்று ஒருவன் தோளை அழுத்தினான். அவர் உட்கார்ந்தார். உதைத்தார்கள். "கையை எடுங்ணா, மூஞ்சியக் காட்டுங்க." எடுத்தார். மூக்கு உடைந்தது. ஊரில் அண்ணனை அழைப்பது போல அழைத்து அழைத்து அடித்தார்கள். அந்த 'ங்க'வில் ஒன்றுகூடக் குறையவில்லை. ஆய்வகத்துக்குள்ளிருந்து ஒரு மோட்டார் ஷாஃப்டைக் கொண்டுவந்தான் சத்தியமங்கலத்துப் பையன். முழங்கை நீளம். எஃகு. அழுதுகொண்டிருந்தான். இதையும் எழுத வேண்டும். அழுதுகொண்டே ஓங்கினான்.

நீ வளாகத்துக்குள் வரக்கூடாது என்று ஆணை. எப்படி வந்தாய் என்று எனக்குத் தெரியாது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு குனிந்து ஓடி வந்தாய். ரங்கசாமி அண்ணன்மேல் கவிழ்ந்து படுத்தாய். தேங்காய் உடைகிற சத்தம் என்று சொல்வார்கள். அப்படி இல்லை. ஈரத் துணியைக் கல்லில் அடித்தது போல இருந்தது. உன் காலில் ஒரு செருப்பு மட்டும் இருந்தது. அது தரையைத் தேய்த்தது. பிறகு தேய்க்கவில்லை.

"டேய், சாருடா" என்றான் யாரோ.

அப்புறம் அங்கே யாரும் இல்லை. ஒரே ஓட்டம். ஷாஃப்ட் உருண்டு சாக்கடை ஓரம் நின்றது. நான் எட்டுப் படிகள் இறங்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன் என்று யாரும் கேட்கவில்லை. நான் இறங்கி வந்தபோது ரங்கசாமி அண்ணன் உன் தலையை மடியில் வைத்து, தன் மூக்கு ரத்தம் உன் முகத்தில் சொட்டாமல் இருக்கத் தன் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

நான்கு நாள் மருத்துவமனை. ஒரு சொல்கூட நீ பேசவில்லை. ஐந்தாம் நாள் நீ இல்லை. நான் இப்படி மடல் எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம். கடைசியாக நீ என்னிடம் பேசியது "குடுத்தியா?" என்பதுதான்.

காவல் நிலையத்தில் கேட்டார்கள். ரங்கசாமி அண்ணன், "என் மூஞ்சி அவரு நெஞ்சுக்குக் கீழ இருந்துச்சுங்க, பாக்கலீங்க" என்றார். அது உண்மை. நான், "கூட்டம், யாருன்னு தெரியல" என்றேன். அவன் உன் மாணவன், நீ இருந்தால் அவனைக் காட்டிக்கொடுக்க விடமாட்டாய் என்று எனக்கு நானே பல மாதங்கள் சொல்லிக்கொண்டேன். உன்னை இழுத்து அந்தப் பொய்க்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன். அவன் பெயரைச் சொன்னால், ஏன் ஓங்கினான் என்று கேட்பார்கள். குறிப்பாணை வரும். பிறகு கோப்பு வரும். பிறகு மூன்று நாளாக எழுதப்படாத ஒரு பக்கம் வரும். நான் அவனைக் காப்பாற்றவில்லை.

அந்த ஆண்டே உனக்கு விருது கொடுத்தார்கள். குறிப்பாணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பாராட்டுரை எழுதும் வேலை எனக்கே வந்தது. இம்முறை எழுதினேன். பழைய மோட்டார்கள், கைக்காசு, சாக்கு, மொபெட், எல்லாம். துறைத் தலைவர் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

"இத அப்பவே குடுத்திருந்தா ஒண்ணுமே ஆயிருக்காதேப்பா."

கடிந்து சொல்லவில்லை. 'பாத்துச் செய்ங்க' என்று தான் சொன்னதையே மறந்துவிட்டிருந்தார்.

மேடையில் உன் புகைப்படத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கண்ணாடியில் நிற்காமல் வழுக்கி வழுக்கி விழுந்தது. கடைசியில் இரண்டு குண்டூசி. நான் பாராட்டுரை வாசித்தேன். என் வாழ்க்கையில் ஒரு அரங்கம் மூச்சு விடாமல் என்னைக் கேட்டது அன்றுதான். நான்காவது வரிசையில் சத்தியமங்கலத்துப் பையன் இருந்தான். எல்லோரும் கை தட்டினார்கள். அவன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்திருந்தான். பருவம் முடியும் முன்பே படிப்பை விட்டுவிட்டுப் போனான். எங்கே என்று தெரியாது. விசாரிக்கவும் இல்லை.

இப்போது உன் ஆய்வகம் என் பொறுப்பில். முதல் வகுப்பில் குறிப்பு வாசிக்கிறேன். அவர்கள் எழுதுகிறார்கள். விருதுக் குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள். ஆண்டுதோறும் கோப்புகள் வருகின்றன. நல்ல வாக்கியங்களைக் கண்டால் கோப்பை மூடி வைக்கிறேன். இதில் எதை விட்டிருக்கிறார்கள் என்று ஒவ்வொருவரையும் நேரில் கூப்பிட்டுக் கேட்கிறேன். அதனால் என் முதுகுக்குப் பின்னால் எனக்குப் போலீஸ்காரர் என்று பெயர்.

இவையெல்லாம் உனக்குத் தெரியாதவை என்று எழுதுகிறேன். எழுத வந்தது இது அல்ல.

விழா முடிந்து உன் அம்மாவைக் காந்திபுரத்தில் பேருந்து ஏற்றிவிடப் போனேன். கேடயத்தைத் துணிப்பையில் போட்டு இடுப்போடு அணைத்துப் பிடித்திருந்தார். நிழலில் உட்காரச் சொன்னேன். என் முன்னால் உட்காரவில்லை.

"என்ற பையன் நல்லாச் சொல்லிக் குடுப்பானுங்களா கண்ணு?"

"அவன மாதிரி இங்க ஆளே இல்லீங்கம்மா."

தலையை அசைத்தார். பையை மறு இடுப்புக்கு மாற்றினார்.

"ஒண்ணு கேக்கோணுமுங்க. தப்பா நெனைக்காதீங்க."

"கேளுங்கம்மா."

"அடிச்சது யாருங்க?"

"கூட்டமுங்கம்மா. யாருன்னு தெரியலீங்க."

என் முகத்தைப் பார்த்தார். கோபம் இல்லை. கணக்குப் புரியாத பிள்ளை கரும்பலகையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"தெரியாம எப்படிங்க கண்ணு? பகல்லதானுங்களே நடந்துச்சு?"

அந்தியூர் பேருந்து வந்துவிட்டது. "வாரனுங்க" என்று ஏறிப் போனார்.  அந்தக் கேள்விக்கு இன்றுவரை நான் பதில் சொல்லவில்லை.

பகல்தான். பதினொரு மணி. மேகம் இல்லை. ஷாஃப்டை ஓங்கியவன் முகம் முழுக்க வெளிச்சத்தில் இருந்தது. நிமிர்ந்து படிக்கட்டைப் பார்த்தான். அவனுக்கும் என்னை நன்றாகத் தெரிந்தது.