இரண்டாவது சிப் நல்லதுதான்

சந்தன சோப்பு வாசம் இன்னும் போகவில்லை, மச்சான். உன் அக்கா நேற்றுக் கொண்டுவந்து தந்த சோப்புப் பெட்டியைத் திறந்தவுடன் மூக்கில் ஏறியது. உள்ளே வெள்ளித்தாளில் குத்தியபடி நம் இரண்டு மெமரி சிப்புகள். காய்ச்சலில் நீ போய் நாற்பது நாள். ஆனாலும் எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல. இதில் எது நல்லது, எது நீ மாற்றி வைத்தது என்ற கேள்விதான்.

எல்லாம் வீடியோ பார்த்துப் பார்த்துப் படித்தோமே! அரிப்பு ஊர்க் கடற்கரையில் நாள் முழுவதும் காற்றின் வேகத்தைப் பதிகிற கருவி ஒன்று செய்ய வேண்டும். கருவிக்கு மூளையான மைக்ரோகன்ட்ரோலரின் சொந்த மெமரி போதாது என்று வெளியே இரண்டு சிப் வைத்தோம், ஒவ்வொன்றும் முப்பத்திரண்டு கிலோபைட். காலைக் காற்று முதலாவதில், மாலைக் காற்று இரண்டாவதில். எந்த முகவரிக்கு எந்த சிப் எழும்ப வேண்டும் என்று நிரலில் எழுதுவது என் வேலை.

மன்னாரிலிருந்து போகையில் பாலத்தடியில் இராணுவச் செக்பொயின்ற். அந்த நாட்களில் வயர் தொங்கும் சர்க்கியூட் பலகையைக் கண்டால் ஆமி என்ன கேட்குமோ என்று, நீ ஒருநாளும் அதை முழுசாகக் கொண்டுபோக விடவில்லை. பலகை என் சாப்பாட்டுப் பெட்டியில், பிட்டுப் பார்சலுக்கு அடியில். சிப்புகள் உன் சோப்புப் பெட்டியில். ஒரே பஸ்ஸில், அறிமுகமில்லாதவர்கள் மாதிரித் தள்ளித் தள்ளி இருந்தோம். கரைக்குப் போய்த்தான் எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டுவோம்.

பொழுதுபட எடுத்துப் பார்த்தால் காலைக் காற்றைக் காணவில்லை. அதன் இடத்தில் மாலைக் காற்று இருந்தது. மூன்று தரம் போய்ப் பதிந்தும் அப்படியே. சிப்புகள் உன்னிடம்தானே இருந்தன? நல்லதை எடுத்துக்கொண்டு பழுதானதை வைத்துவிட்டாய் என்று முகத்துக்கு நேரே சொன்னேன்.

“என்னைச் செக் பண்ண ஆமி போதும் மச்சான். நீயுமா?” என்று சிரித்தாய். அதற்குப் பிறகு நாம் கதைக்கவேயில்லை.

இன்று உன் களவைப் பிடிக்கவென்றே இரண்டாவது சிப்பை முதலாவதின் இடத்தில் தனியாகக் குத்திப் பார்த்தேன். ஒரு பைட்கூடப் பிசகவில்லை. சந்தேகப்பட வேறு ஆளில்லாமல் என் நிரலைத் திறந்தேன். முதல் சிப்பின் அளவை முப்பத்திரண்டு என்று போடாமல் அறுபத்துநான்கு என்று போட்டிருக்கிறேன். முப்பத்திரண்டுக்கு மேற்பட்ட முகவரிகளும் முதலாவதுக்கே போக, இரண்டாவதைக் கூப்பிட்டபோதெல்லாம் முதலாவதே எழும்பி, தன் காலைக் காற்றின் மேலேயே மாலையை எழுதியிருக்கிறது. இரண்டாவதை யாருமே எழுப்பவில்லை.

உன் அக்காவுக்குப் போன் எடுத்து, பிழை என்னுடையது என்றேன்.

“அவனுக்குத் தெரியும் தம்பி. நீங்கள் அனுப்பின நிரலைப் போனில பாத்திட்டு எனக்குச் சொன்னவன். போய்ச் சொல்லன்டா எண்டு நான்தான் சொன்னனான். ‘நான் சொன்னா அதையும் சந்தேகிப்பான், அவனே கண்டுபிடிக்கட்டும்’ எண்டவன்.”

உண்மைதான் மச்சான். நீ சொல்லியிருந்தால், அந்த எண்ணையும் நீயே மாற்றினாய் என்றுதான் நினைத்திருப்பேன்.

அறுபத்துநான்கை அழித்து முப்பத்திரண்டு போட்டேன். பக்கத்தில் குறிப்பாக, பிழை விட்டவன் என்று என் பெயரை எழுதினேன். இனி நான் எழுதும் ஒவ்வொரு நிரலின் தலையிலும் அந்த வரி இருக்கும். அடுத்தவனைக் கேட்க முன்னம் நான் அதை வாசிக்க வேண்டும்.