ஒரு குச்சிதானே

மார்ச் 3, செவ்வாய்

கடையில் கூட்டம். நாள் முழுக்க மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் வெட்டி, விரல் இடுக்கெல்லாம் வெள்ளைப் பொடி. பிரேம் தானாகவே வளைந்துவிட்டது என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். அதன் மேல் உட்கார்ந்தவர் அவர்தான், பார்த்தாலே தெரிகிறது.

எப்போது ஞாயிறு வரும் என்றிருக்கிறது. போன வாரம் வில் களத்தில் நல்ல மழை. சக்கரவில்காரர்கள் (கப்பி, கம்பி, குறிபார்க்கும் கருவி என்று பூட்டிய அந்தப் புது வில்களை நான் அப்படித்தான் சொல்வேன்) எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். ஒருவருக்குத் திருகு ஒன்று கழன்று விழுந்து, நாலு பேர் புல்லில் குனிந்து தேடினார்கள். நான் என் மரவில்லைத் துண்டால் துடைத்துவிட்டு அடுத்த அம்பை எய்தேன். அதில் கழன்று விழ என்ன இருக்கிறது? மரம், முதுகில் ஒட்டிய மூங்கில் பட்டை, ஒரு நாண். ஒரு தடவை அதோடு பஸ் படியிலிருந்து உருண்டு விழுந்திருக்கிறேன். முழங்கால் பெயர்ந்தது எனக்குத்தான், அதற்கு ஒரு கீறல் இல்லை. அம்பு போய் வைக்கோல் பொதியில் ‘தொப்’பென்று இறங்கும் சத்தம் இருக்கிறதே, அதற்காக வாரம் பூராவும் லென்ஸ் வெட்டலாம்.

நாணைக் கழற்றினால் மறுபக்கமாக வளைந்துகொள்ளும், கோபித்துக்கொண்டு திரும்பிப் படுத்தவள் மாதிரி. நாணேற்ற வேண்டுமென்றால் அந்த வளைவை எதிர்ப்பக்கம் மடக்க வேண்டும். பலமே அங்கேதான். புதிதாகப் பார்க்கிறவர்கள் எல்லாரும் தலைகீழாகத்தான் பிடிப்பார்கள்.

மார்ச் 5, வியாழன்

படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் வில் இல்லை. வெறும் உறை தொங்குகிறது.

மார்ச் 6, வெள்ளி

இவர்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறார். இரண்டு நாளாக வாய் திறக்கவில்லை. உறையைக் கொண்டுபோய் முன்னால் நீட்டிய பிறகுதான் வந்தது.

“தம்பி புது ஆபீஸ் திறந்திருக்கான்ல. சுவத்துல மாட்ட வித்தியாசமா ஏதாவது வேணும்னான். குடுத்தேன்.”

“என்னைக் கேட்டீங்களா?”

“இதுல கேக்க என்ன இருக்கு? ஒரு குச்சிதானே. சும்மாதானே கிடந்துச்சு.”

சும்மா கிடந்ததாம். இவருடைய பைக்கும்தான் வாசலில் சும்மா நிற்கிறது. அதன் கண்ணாடியில் ஒரு விரல் ரேகை இருந்தால் போதும், வீட்டில் பஞ்சாயத்து. நான் பதினொரு வருஷமாக எய்கிறேன். ஒரு நாளாவது களத்துக்கு வந்திருப்பாரா? “எங்க போன?” “குச்சி விளையாடவா?” இவ்வளவுதான். நானும் சிரித்துக்கொண்டே விட்டேன். விட்டிருக்கக் கூடாது.

“வேணும்னா புதுசு ஒண்ணு வாங்கித் தரேன்” என்கிறார். புதுசை யார் கேட்டது?

மார்ச் 8, ஞாயிறு

வில் இல்லாமலே களத்துக்குப் போனேன். வீட்டில் இருந்தால் பேச்சு முற்றியிருக்கும். களத்துக்காரர் பாவப்பட்டுச் சக்கரவில் ஒன்றைக் கொடுத்தார். எய்த அம்பெல்லாம் நடுவில்தான் விழுந்தது. அடுத்தவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேப்பர் படித்தது போல் இருந்தது. பாதியில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

“எங்க உங்க வில்லு?” என்று எல்லாரும் கேட்டார்கள். என்ன சொல்வது? என் வீட்டிலேயே திருட்டுப் போனது என்றா?

மார்ச் 9, திங்கள்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கொழுந்தன் ஆபீசுக்குப் போனேன். வீட்டுமனை விற்கிறான். கதவைத் திறந்ததும் எதிர்ச் சுவரில் என் வில். தலைகீழாக. அது இயல்பாக வளைந்திருக்கும் பக்கத்திலேயே துணி காயப்போடும் நைலான் கயிற்றைக் கட்டி, அதுதான் நாண் என்று வைத்திருக்கிறான். கீழே பெரிய எழுத்தில்: ‘எங்களிடம் வாருங்கள், குறி தப்பாது.’

“எப்படி இருக்கு அண்ணி? வர்றவங்க எல்லாம் இதைத்தான் கேக்கறாங்க.”

“யாராவது இழுத்தீங்களா?”

“சேச்சே. யாரும் தொடல.”

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிக் கழற்றினேன். மனை பார்க்க வந்த ஒரு தம்பதி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும். பஸ்ஸில் வரும்போது விரலால் தடவிப் பார்த்தேன். வில்லின் மேல் பாதியில், மூங்கில் பட்டை ஓரம், ஒரு நூல் அளவுக்குத் தூக்கியிருக்கிறது. சுவரில் சும்மா தொங்கினால் இப்படி ஆகாது. கயிறு கட்டியதாலும் ஆகாது. அந்தச் சோம்பேறி அதை வளைக்கக்கூட இல்லை. யாரோ இழுத்திருக்கிறார்கள். தப்பான பக்கம், தம் பிடித்து.

வில் செய்து தந்த அக்காவுக்கு போன் போட்டேன். “பசை விட்டு, நூல் சுத்தி, சனிக்கிழமை வரைக்கும் தொடாத. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா இழு. முனகினா பரவால்ல. வெடிச்சா வேற ஒண்ணு செஞ்சுக்கலாம்.”

வேறு ஒன்றாம். இவளுமா?

மார்ச் 10, செவ்வாய்

குடும்ப குரூப்பில் ஆபீஸ் திறந்த அன்று எடுத்த போட்டோக்கள் வந்தன. நான் அன்று கடையில் இருந்தேன். ஏழாவது போட்டோவில் இவர். கையில் என் வில், தலைகீழாக. நைலான் கயிற்றைக் காது வரைக்கும் இழுத்துப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி, பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு. கீழே கொழுந்தன் எழுதியிருக்கிறான்: ‘அண்ணன் குறி வச்சா!’

நேற்று நான் நூல் சுற்றும்போது பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தாரே! “எப்படி ஆச்சு?” என்று வேறு கேட்டாரே! மனுஷனா இவரு? போட்டோவை நீட்டினேன். “ஒரு போட்டோக்குத்தானே இழுத்தேன்” என்கிறார். எல்லாமே ‘தானே’தான் இவருக்கு.

மார்ச் 11, புதன்

என் தம்பியைக் கூப்பிட்டு இவருடைய பைக் சாவியைக் கொடுத்தேன். எடுத்துப் போ, எவ்வளவு நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள் என்றேன். “மாமாகிட்ட கேட்டியாக்கா?” என்றான். இவனுக்குத் தெரிகிறது, கேட்க வேண்டும் என்று.

சாயங்காலம் இவர் வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்துவிட்டு வந்து, “வண்டி எங்க?” என்றார்.

“தம்பிக்கு வேணும்னான். குடுத்தேன். ஒரு வண்டிதானே.”

முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். அரை மணி நேரம் இருந்தது அந்தச் சந்தோஷம்.

மார்ச் 13, வெள்ளி

பேச்சு இல்லை. “உப்பு” என்றார். நகர்த்தினேன்.

மார்ச் 15, ஞாயிறு

பஸ் நிறுத்தத்தில் நின்றேன். பின்னால் இவரும் வந்து நின்றார். “நானும் வரேன்” என்றார். பஸ் என் அப்பா வீட்டுச் சொத்தா?

களத்தில் வேலி ஓரமாக நின்றுகொண்டார். நான் வில்லின் ஒரு முனையைக் கணுக்காலில் கொடுத்து, தொடையால் அழுத்தி, எதிர்ப்பக்கமாக மடக்கினேன். கிர்ரென்று ஒரு முனகல். இவ்வளவு பயந்து நான் எதையும் வளைத்ததில்லை. நாண் ஏறியது. ஒரு சாண் இழுத்து விட்டுக்கொடுத்தேன். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். நிமிர்ந்து பார்த்தால் இவர் வேலிக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், கண்ணை மூடி.

அம்பைப் பூட்டி, முழுசாக இழுத்து, விட்டேன்.

தொப்.

கொஞ்சம் இடப்பக்கம் போகிறது. போகட்டும், நான் வலப்பக்கம் குறி வைத்துக்கொள்கிறேன். தட்டினாலும் விழுந்தாலும் தாங்குகிற ஜென்மம், இதையும் தாங்கிவிட்டது. அழுகை வந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

நாணைக் கழற்றும்போது கிட்டே வந்து பார்த்தார். வில் மெதுவாக மறுபக்கம் திரும்பி வளைந்துகொண்டது.

“அப்போ நான் இழுத்தது தலைகீழா?”

“ஆமா.”

“உடைஞ்சிருக்குமா?”

“ஆமா.”

திரும்பி வரும்போது அம்புகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் அம்பைக் கொடு என்று சொல்லவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

தம்பி பைக்கைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து விட்டான். இவர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். ஒரு கீறல் இல்லை. என்னைப் பார்த்தார்.

மார்ச் 26, வியாழன்

சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கூடத்தில் இவருக்கு போன். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், தெருவுக்கே கேட்கும். கொழுந்தன். ஏதோ கண்காட்சியில் அவன் கடை போடுகிறானாம்.

“ரெண்டு நாளைக்கு அந்தக் குச்சியைக் குடுத்து விடுண்ணா.”

கத்தியை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“குச்சி இல்லடா, வில்லு” என்றார். “என்கிட்ட ஏன் கேக்கற? அண்ணியோடது. அவகிட்ட கேளு.”

போனைக் கொண்டுவந்து என் காதருகே பிடித்தார். என் கை இரண்டும் வெங்காயம்.

“அண்ணி...” என்று இழுத்தான் கொழுந்தன்.

“முடியாது” என்றேன்.

“சரிங்க அண்ணி” என்றான்.

இவர் போனை அணைத்துவிட்டு, நறுக்கியது போதுமா, இன்னும் இரண்டு உரித்துத் தரட்டுமா என்று கேட்டார்.